பட்டை கிடைக்காத சித்தப்பா

கல்லூரியில் அவளுக்குப் ‘பேலன்ஸ் மேடம்’ என்று பெயர். மாணவர்கள் வைத்தது. மூளையும் நரம்பும் பாதிக்கப்பட்டவர்களை மறுபடி நிற்க வைப்பதும் நடக்க வைப்பதும் அவள் வேலை. அதைச் சொல்லிக்கொடுப்பதும் அவள் வேலை. அதிலும் தள்ளாடுகிறவர்கள் என்றால் அவளுக்குத் தனிப் பிரியம்.

அந்தப் படிப்பு அவள் ஆசைப்பட்டு எடுத்தது அல்ல. டாக்டருக்குப் படிக்க மதிப்பெண் போதவில்லை, பிசியோதெரபியில் இடம் கிடைத்தது. “கை கால் அமுக்கி விடற படிப்பா?” என்று கேட்காத உறவினர் இல்லை. முதல் வருடம் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வகுப்புக்குப் போனாள். பிறகு பக்கவாத வார்டில் ஒரு தையல்காரம்மா அவள் பொறுப்பில் வந்தார். கட்டில் விளிம்பில் உட்கார வைத்தால் சுவரில் சாத்திய பாய் மாதிரி மெல்லச் சரிவார். இவள் பின்னால் மண்டியிட்டு முட்டுக் கொடுப்பாள். ஒருநாள் சரிய ஆரம்பித்தவர், இவள் கை படுவதற்கு முன்பே தானாக நிமிர்ந்துவிட்டார். “ஏய், நான் உக்காந்திருக்கேன்டி!” என்று வார்டே திரும்பிப் பார்க்கக் கத்தினார். அதற்கப்புறம் அவளை அந்தத் துறையிலிருந்து கிளப்ப யாராலும் முடியவில்லை.

மேற்படிப்பு முடித்து, அதே கல்லூரியில் விரிவுரையாளராகி, முனைவர் பட்ட ஆய்வுக்கு அவள் எடுத்துக்கொண்டது ஓர் இடுப்புப் பட்டை. அதைக் கட்டிக்கொண்டவர் எந்தப் பக்கம் சாய்கிறாரோ அந்தப் பக்கம் அது அதிரும். உடம்பு மறந்துபோனதைத் தோல் ஞாபகப்படுத்தும் என்பது அவள் நம்பிக்கை. நோயாளிகள் இரண்டு குழு. இரண்டுக்கும் ஒரே பயிற்சி. ஒரு குழுவுக்கு மட்டும் பட்டை. யாருக்கு எந்தக் குழு என்பதைக் கணினி குலுக்கிப் போடும். முன்னேற்றத்தை அளப்பவருக்கு யார் எந்தக் குழு என்று தெரியாது.

ஆய்வு சூடுபிடித்த சமயத்தில்தான் சித்தப்பாவுக்கு மூளையின் பின்பகுதியில் ரத்தக்குழாய் அடைத்தது. நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். உயிருக்குப் பயமில்லை என்று ஆனது. ஆனால் நடை போயிற்று. காலை அகட்டி வைத்து, இரண்டு பக்கமும் ஆடி ஆடித்தான் வந்தார். “ஒரு சொட்டு வாயில வெச்சதில்ல. இப்ப தெருவே என்னைக் குடிகாரன்னு நினைக்குது” என்று அவரே சிரித்துக்கொண்டார். “ஊருக்கெல்லாம் நேர்கோடு போட்டவன், எனக்கு ஒரு கோடு போட்டுக்க முடியலையே!”

சொந்தக்காரரை ஆய்வில் சேர்க்கலாமா என்று அவள் தயங்கினாள். ஆய்வுக்கு வழிகாட்டிய நெறியாளர் ஒரு வழி சொன்னார்: பயிற்சி கொடுப்பதும் அளப்பதும் சக ஊழியர்கள் பொறுப்பு, அவள் அந்தப் பக்கமே போகக் கூடாது. கல்லூரியின் ஆய்வு நெறிமுறைக் குழுவும் சம்மதித்தது. கணினி குலுக்கிப் போட்டது. சித்தப்பாவுக்குப் பட்டை இல்லை.

சித்தப்பா அதைச் சட்டை செய்யவில்லை. சித்தியால்தான் தாங்க முடியவில்லை.

“ஊர்ல இருக்கறவனுக்கெல்லாம் கட்டிவிடற. உன் சித்தப்பாவுக்குக் கட்ட மனசு வரலையா?”

“கம்ப்யூட்டர் போட்டது சித்தி. நான் மாத்தினா ஆராய்ச்சியே பொய்யாயிடும்.”

“அப்ப கம்ப்யூட்டரே வந்து அவரைக் கைத்தாங்கலா பாத்ரூமுக்குக் கூட்டிட்டுப் போகட்டும்.”

 அவள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

சித்தி சொன்னது பலித்தது மாதிரியே ஆயிற்று. ஒரு காலையில் சித்தப்பா குளியலறையில் வழுக்கி விழுந்து புருவத்தைக் கிழித்துக்கொண்டார். தையல் போட்டு வீட்டுக்கு வந்தவரைப் பார்க்க அவள் ஓடினாள். சித்தி கதவைத் திறந்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போய்விட்டாள். சித்தப்பாதான் கட்டுப் போட்ட நெற்றியோடு, “ஒண்ணுமில்லம்மா, தரை கொஞ்சம் அவசரப்பட்டு மேல வந்துடுச்சு” என்றார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

அதன் பிறகு ஒருநாள், துறையில் மீதி இருந்த ஒரு பட்டையைக் கைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பியும் விட்டாள். சித்தப்பா வீட்டுத் தெருமுனை வரை போனாள். யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் கால் நகரவில்லை. பட்டை இல்லாத குழுவில் இன்னும் எத்தனையோ பேர். அவர்களும் யாருக்கோ சித்தப்பாதான். வந்த வழியே திரும்பிப் போய்ப் பட்டையை அலமாரியில் வைத்தாள். நியாயமாக நடந்துகொண்டோம் என்ற நிம்மதி கூட அன்று கிடைக்கவில்லை. பாடம் நடத்தும்போதும் அந்தத் தையல் போட்ட புருவம்தான் கண்முன் நின்றது.

முடிவு வெளிவரும் நாளும் வந்தது. புள்ளியியல் பேராசிரியர் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேசை முழுக்கத் தேநீர்க் கறை. சதா மூக்கை உறிஞ்சுகிற மனிதர். கணினியைப் பார்த்துவிட்டு, கெட்ட செய்தி சொல்லப்போகிற டாக்டர் மாதிரி கண்ணாடியைக் கழற்றினார்.

“மனசைத் தேத்திக்குங்க மேடம். ரெண்டு குழுவும் நல்லா முன்னேறியிருக்கு. ஆனா ரெண்டுக்கும் நடுவுல வித்தியாசமே இல்ல. உங்க பட்டை ஒண்ணும் பண்ணல.”

“கீழ விழுந்த கணக்கு?”

“அதுவும் அப்படித்தான். கட்டினவங்களும் விழுந்திருக்காங்க, கட்டாதவங்களும் விழுந்திருக்காங்க.”

வருடக்கணக்கில் கட்டி வளர்த்த ஆய்வு அவள் கண்ணெதிரே தரைமட்டமாகிக்கொண்டிருந்தது. அவளுக்கோ சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வாயைப் பொத்தினாள். விரலிடுக்கு வழியாகச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே கொட்டின. பேராசிரியர் பயந்துபோய்த் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

“மேடம், உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?”

“ஒண்ணுமில்ல சார். இதைவிட நல்ல சேதி எனக்கு நீங்க சொல்லியிருக்கவே முடியாது.”

அவர் மூக்கை உறிஞ்சக்கூட மறந்து உட்கார்ந்திருந்தார்.

நேரே சித்தப்பா வீட்டுக்குப் போனாள். சித்தி துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். இவள் எதிரில் உட்கார்ந்து, தானும் ஒரு துண்டை எடுத்து மடித்தபடியே சொல்லி முடித்தாள். சித்தி மடித்து வைத்த துணியையே பிரித்து மறுபடி மடித்தாள்.

“அப்ப, அதைக் கட்டியிருந்தாலும் விழுந்திருப்பாரா?”

“ஒருத்தரை மட்டும் வெச்சு அடிச்சுச் சொல்ல முடியாது சித்தி. ஆனா அது இல்லாததாலதான் விழுந்தார்னு சொல்லவே முடியாது.”

சித்தியின் தோள்கள் தளர்ந்தன. கோபம் என்று இவள் நினைத்ததில் பாதிக்கு மேல் பயம்தான் என்பது அப்போதுதான் புரிந்தது. தான் பக்கத்தில் நிற்காததால்தான் விழுந்தார் என்று சித்தியும் உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்திருக்கிறாள்.

“உன்னை ரொம்பப் பேசிட்டேன்ல?”

“பேசினது கூடப் பரவால்ல. பேசாம இருந்தீங்களே, அதுதான் தாங்கல.”

உள்ளறையில் இருந்து சித்தப்பாவின் குரல் வந்தது: “நீங்க ரெண்டு பேரும் சமாதானமாயிட்டீங்கன்னா ஒரு வாய் டீ கிடைக்குமா?”

பலன் இல்லை என்று ஆய்வேட்டில் எழுதினால் பட்டம் போய்விடும் என்று சில சக ஊழியர்கள் பயமுறுத்தினார்கள். அவள் ஒளிவுமறைவில்லாமல் எழுதினாள். வாய்மொழித் தேர்வன்று வெளியிலிருந்து வந்த தேர்வாளர், வெள்ளைத் தலை அம்மையார், பக்கங்களைப் புரட்டிவிட்டு, “இத்தனை வருஷம் பாடுபட்டு, உங்க கருத்தே தப்புன்னு நிரூபிச்சிருக்கீங்க. வருத்தமா இல்லையா?” என்று கேட்டார்.

“இல்லம்மா. பட்டை வாங்க முடியாதவங்க யாரும் இனிமே வருத்தப்பட வேண்டியதில்ல. பயிற்சியே போதும்.”

அம்மையார் நெறியாளரைப் பார்த்துத் தலையசைத்தார். பட்டம் கிடைத்தது. பிறகு இணைப் பேராசிரியர் பதவியும் வந்தது.

சித்தப்பா இப்போதும் காலை அகட்டித்தான் நடக்கிறார். ஆட்டம் குறைந்திருக்கிறது, முழுக்கப் போகவில்லை. மாலையில் துணையில்லாமல் கடைத்தெருவுக்குப் போய்ப் பேப்பர் வாங்கி வருகிறார். முதலில் அவர் வரும்வரை வாசலிலேயே நின்ற சித்தி இப்போது அதை விட்டுவிட்டாள். அவர் திரும்பி வரும் நேரத்தில் பெரும்பாலும் பயம் விட்டு அசந்து தூங்கிக்கொண்டிருக்கிறாள்.