செல்வியக்காவின் தோள்

நோயாளிகளுக்கு அன்றாட வேலைகளை மறுபடி பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் நான், விழுப்புரத்தில். ஒலக்கூர் செல்வியக்காவின் கணவருக்குப் பக்கவாதம்; வலக்கை வராது. இடக்கையால் தலைவாரிக்கொள்ள அவரைப் பழக்க வாரந்தோறும் போவேன். அக்கா எப்போதும் பரட்டைத் தலையோடு நிற்பார். ஒரு சீப்பு எடுக்கக்கூடவா சோம்பல் என்று எரிச்சலாக வரும்.

இலவச ஆன்லைன் வகுப்பு ஒன்றில், நோயாளியைப் பார்த்துக்கொள்பவரின் உடம்பையும் விசாரிக்கச் சொன்னார்கள். அடுத்த வாரம் அக்காவை விசாரித்தேன்.

"இவர தூக்கிக்கினே இருந்து தோளு போச்சும்மா. கை தலைக்கு ஏற மாட்டேங்குது. சொன்னா தூக்காதீங்கன்னுவீங்க. அப்புறம் யாரு தூக்குறது?"

கேட்டுக்கொண்டிருந்த கணவர், இடக்கையிலிருந்த சீப்பை அக்காவின் தலையில் வைத்து இழுத்தார். சிக்கில் மாட்டிக்கொண்டது. அப்படியே அழுதார்.

அவருக்கு வலிக்காமல் தூக்க அக்காவுக்குக் கற்றுக்கொடுத்தவள் நான்தான். தூக்குகிறவருக்கு வலிக்குமே என்று ஒருநாளும் தோன்றவில்லை.