சத்தம் புகாத ஹெட்போன்

எனக்கு முன்னால் மில்லில் எஞ்சின் ஓட்டியவருக்குக் காது போய்விட்டது. அது அவர் ஒருத்தருக்குத்தான் தெரியும். யாரிடமும் சொல்லவில்லை. பேரிங் தேய்ந்து தட்டியிருக்கிறது, அவருக்குக் கேட்கவில்லை. பிஸ்டனோடு சேர்ந்த ராடு உடைந்து எஞ்சின் உடம்பைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. பக்கத்தில் நின்று எண்ணெய் விட்ட ஆள் அந்த இடத்திலேயே செத்தான். சுவரில் பள்ளம் விழுந்தது. சிமெண்டு பூசினார்கள். பூசின இடம் மட்டும் நிறம் சேரவில்லை.

நான் அந்தச் சுவரைப் பார்த்து நின்றுதான் வேலை செய்தேன்.

சங்கரன்கோவிலில் பருத்தியிலிருந்து கொட்டை நீக்கும் ஜின்னிங் மில் அது. பங்குனி பிறந்தால் கரிவலம் பக்கமிருந்து வண்டி வண்டியாகப் பருத்தி வரும். பிறகு ஆயில் எஞ்சினை நிறுத்த முடியாது. எண்ணெய் விடும் வேலைக்கு என் மனைவியின் அண்ணனைச் சேர்த்துவிட்டிருந்தேன். வாய் ஓயாத மனிதர். எனக்கும் சேர்த்து அவரே பேசிவிடுவார்.

பேரிங் தட்டுகிறதா என்று இரும்புக் கம்பி வைத்துக் கேட்போம். ஒரு முனை பேரிங்கில், ஒரு முனை காதில். அந்த வருஷம் கம்பியில் சத்தம் மங்கியது. புதிதாக இரண்டு ஜின் மெஷின் போட்டிருந்தார்கள். அந்த இரைச்சல்தான் காரணம் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டேன் என்பதுதான் சரி.

பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கம் ஒரு ரேடியோ ரிப்பேர் கடை இருந்தது. கடைக்காரர் பட்டாளத்தில் சிக்னல் வேலை பார்த்துவிட்டு வந்தவர். சண்டை முடிந்து பட்டாளம் ஏலம் விட்ட சாமான்களைத் தேயிலைப் பெட்டியில் போட்டு வைத்திருப்பார். அவர்தான் வழி சொன்னார். ஒரு ஹெட்போனில் காதில் வைக்கும் கிண்ணத்தைக் கழற்றிப் பேரிங் மேல் கட்ட வேண்டும். அதில் விழும் தட்டு ஒயர் வழியாக இன்னொரு ஹெட்போனில் கேட்கும். கரண்டு வேண்டாம், பேட்டரி வேண்டாம்.

"காதுல மாட்டுதது மட்டும் நல்லதாப் பாத்து எடுக்கணும் அண்ணாச்சி. பின்பக்கம் மூடியிருக்கணும். வெளிச் சத்தம் உள்ள வரக்கூடாது. உள்ள வாரது தெளிவா இருக்கணும். ரெண்டும் ஒண்ணாக் கெடைக்கிறது கஷ்டம்."

மூன்று செட் எடுத்துப் போட்டார். முதலில் உயிர் இருக்கிறதா என்று பார்த்தார். ஒயரின் ஒரு முனையை விரலில் பிடித்துக்கொண்டு, காலணாவை நாக்கில் நனைத்து மறுமுனையைத் தொட்டால் காதில் 'டொக்' என்று கேட்கும். மூன்றிலும் கேட்டது. பிறகு தனிக் கிண்ணம் ஒன்றின் மேல் டைம்பீஸை வைத்து, அதன் ஒயரை ஒவ்வொரு செட்டிலும் சேர்த்தார்.

முதல் செட்டில் சத்தம் பெரிதாக வந்தது. ஆனால் பானைக்குள் பேசுகிற மாதிரி இருந்தது. இரண்டாவது தெளிவு. ஆனால் ரப்பர் வெடித்திருந்ததால் பக்கத்துப் பாத்திரப் பட்டறையின் சுத்தியல் அடி உள்ளே வந்தது. மூன்றாவதில் காதைச் சுற்றித் தோல் மெத்தை. பின்பக்கம் கெட்டித் தகடு, ஒரு துளை கிடையாது. அதை மாட்டிக்கொண்டு பட்டறையைப் பார்த்தேன். சுத்தியல் அண்டா மேல் விழுந்தது. சத்தம் இல்லை. மறுபடியும் விழுந்தது. சத்தம் இல்லை. டைம்பீஸ் மட்டும் மணிமணியாக ஓடியது.

"இதுதான். ஆனா எடது பக்கம் கம்மியா இருக்கு" என்றேன்.

"மத்ததுல?"

"அதுலயும் எடது கம்மிதான்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். "மூணு செட்டும் ஒரே பக்கமாவா கெட்டுப்போவும்? திருப்பிப் போடுங்க."

திருப்பிப் போட்டேன். வலதில் டைம்பீஸ் நன்றாகக் கேட்டது. இடது பக்கம் அப்போதும் கம்மிதான்.

ஹெட்போனைக் கழற்றி அவர் முன்னால் வைத்தேன். பட்டறைக்காரன் அடித்துக்கொண்டிருந்தான்.

"பீரங்கிக்காரங்களுக்குக் காது இப்படித்தான் போவும்" என்றார் கடைக்காரர். "மில்லுல இப்ப எண்ணெ விடுத ஆளு யாரு?"

"என் மச்சான்."

அவர் ஒயரைச் சுற்றிக் காகிதத்தில் கட்டினார். கேட்ட காசைக் கொடுத்துவிட்டு நடந்தேன். வலது காது இருக்கிறது, நல்ல ஹெட்போன் இருக்கிறது, போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வீட்டில் சொல்லவில்லை.

மறுநாள் மாட்டிக்கொண்டு நின்றேன். மச்சான் கையை ஆட்டிக் கூப்பிட்டார். ஒரு பக்கம் தூக்கினேன்.

"என்ன மாப்ளே, சிலோன் பாட்டா? எனக்கும் ஒரு காது குடும்."

"வேலயப் பாரும்."

"பொண்டாட்டி ஏசுததுக்கும் இதையே மாட்டிக்கிடும் வே. எந்தங்கச்சி கத்திக்கிட்டே கெடக்கட்டும்."

மாட்டினால் அவர் வாய் அசைவது மட்டும்தான் தெரியும். ஜின் மெஷின் இல்லை, பெல்ட் இல்லை, ஆள் இல்லை. எஞ்சின் மட்டும் தனியாக எனக்குள் ஓடியது.

மூன்றாம் நாள் தட்டு கேட்டது. மெல்ல, விடாமல். எஞ்சினை நிறுத்தினேன். முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார். பிட்டர் வந்து பேரிங்கைத் திறந்தார். ஒன்றும் இல்லை. பேரிங்குக்குள் வார்த்த ஈயம் புதிது போல இருந்தது.

"வாசல்ல பருத்தி மல மாதிரிக் கெடக்கு. இன்னொரு தடவ சும்மா நிப்பாட்டுனீருன்னா, உம்மையும் நிப்பாட்டிருவேன்" என்றார் முதலாளி.

அவர் சொன்னது அரைகுறையாகத்தான் விழுந்தது. ஹெட்போன் இன்னும் என் காதில்தான் இருந்தது. எஞ்சின் நின்றிருந்தது. ஒயரைக் கழற்றிப் போட்டிருந்தார்கள். தட்டு மட்டும் நிற்கவில்லை.

மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன். நாடியும் தட்டும் ஒன்றாக விழுந்தன. அவ்வளவு நல்ல மூடி. வெளியே உள்ளதையெல்லாம் அடைத்துவிட்டு என் ரத்தத்தை எனக்கே போட்டுக் காட்டியது.

அதற்குப் பிறகு ஒரு கை மணிக்கட்டில் வைத்தே எஞ்சினைக் கேட்டேன். நாடியோடு சேர்ந்து வந்தால் அது நான். சேராமல் வந்தால் அது பேரிங். எட்டு, பத்து நாள் அப்படிப் போயிற்று. தூக்கத்தில்கூட மணிக்கட்டைப் பிடித்திருக்கிறேன் என்று என் மனைவி சொன்னாள்.

பிறகு ஒரு நாள் முற்பகல். தட்டு வந்தது. மணிக்கட்டைப் பிடித்தேன். சேர்ந்தது. விட்டுவிட்டேன். மறுபடி கேட்டேன். அதற்குப் பின்னால் இன்னொன்று இருக்கிற மாதிரி இருந்தது, கனமாக. பயம் வந்தது. பயந்ததும் நாடி ஓடியது. எது எஞ்சின், எது நான் என்று பிரிக்க முடியவில்லை. நிறுத்தலாம். நிறுத்தி ஒன்றும் இல்லையென்றால் வேலை போகும். என் இரைச்சல்தான் என்று விட்டுவிடலாம்.

மச்சான் எண்ணெய்க் கேனோடு சுவர்ப் பக்கம் குனிந்திருந்தார். அவர் தலைக்குப் பின்னால் அந்தப் பூசின இடம். ஏதோ பாடிக்கொண்டிருந்தார் போல. வாய் அசைந்தது.

ஹெட்போனைக் கழற்றினேன். அவரிடம் கொடுத்தால் இந்த வேலையையும் கொடுத்த மாதிரிதான். தெரிந்தேதான் கூப்பிட்டேன்.

"மச்சான், இங்கன வாரும். இத மாட்டிக் கேளும்."

"பாட்டு முடிஞ்சிட்டா மாப்ளே? இப்பத்தான் எனக்கா?"

"தட்டுதா இல்லியான்னு மட்டும் சொல்லும்."

சிரித்துக்கொண்டேதான் மாட்டினார். பிறகு சிரிப்பு நின்றது.

"மாப்ளே... உள்ள யாரோ கதவப் போட்டு இடிக்கிற மாதிரில்லா இருக்கு. ஒமக்குக் கேக்கலியா?"

"கேக்கல."

அவர் என்னைப் பார்த்தார். நான் ஓடிப்போய் எஞ்சினுக்குப் போகும் எண்ணெயை அடைத்தேன். பெரிய சக்கரம் சுற்றி ஓய்வதற்குள் இரண்டு பேருக்கும் உடம்பு நனைந்துவிட்டது.

பிட்டர் திறந்தார். ஈயம் செதில் செதிலாகக் கையில் வந்தது. ராடைப் பிடிக்கும் இரண்டு போல்ட்டில் ஒன்று பாதிக்கு மேல் விரிசல் விட்டிருந்தது.

"சாப்பாட்டுச் சங்கு வரைக்கும் தாங்கியிருக்காது" என்றார்.

முதலாளி என் தோளைத் தொட்டார். "நல்ல காது வே ஒமக்கு."

"எனக்கில்ல மொதலாளி, மச்சானுக்கு. எனக்கு எடது காது செத்துப்போச்சு. வலதும் பாதிதான்."

அவர் கையை எடுத்துக்கொண்டார். மச்சான் அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் பேசாமல் இருந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

எஞ்சின் சரியானதும் ஹெட்போன் அவருக்குப் போயிற்று. எண்ணெய்க் கேனை நான் எடுத்துக்கொண்டேன். மில்லை விட்டுப் போகச் சொல்லவில்லை, அதுவரை நல்லது. எண்ணெய் விட வேண்டிய இடம் சுவர்ப் பக்கம். பூசின இடம் என் முதுகுக்குப் பின்னால் இருந்தது. எஞ்சின் ஓடும்போது எனக்கு ஒன்றும் தெரியாது. ஹெட்போன் மாட்டிய மச்சானின் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் எண்ணெய் விட்டேன்.