ஏலாது என்று சொல்லப் பழகிய சனிக்கிழமைகள்

சிறுவர் இல்லத்தில் வளர்ந்தவர்களுக்குச் சமைக்கத் தெரியாது என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். நன்றாகவே தெரியும். எழுபது பேருக்கு என்றால் கண்ணை மூடிக்கொண்டு உலை வைப்போம். ஒருவருக்குச் சமைக்கத்தான் தெரியாது. வெளியே வந்த முதல் கிழமை நான் ஆக்கிய சோற்றைப் பக்கத்து வளவுக் கோழிகளாலும் தின்று முடிக்க முடியவில்லை.

அதனால் ஊர்காவற்றுறையில் சனிக்கிழமைகளில் நாங்கள் நடத்தும் வகுப்பு ஒரு பிடி அரிசியோடுதான் தொடங்கும். நாங்கள் என்றால், சிறுவர் இல்லங்களில் வளர்ந்து, பதினெட்டு வயதில் ஒரு பையோடு வெளியே அனுப்பப்பட்டு, எப்படியோ காலூன்றிக்கொண்ட நாலைந்து பேர். வகுப்புக்கு வருகிறவர்கள், அடுத்து வெளியே வரப்போகிறவர்கள். வாத்தியார் என்று ஒருவரும் கிடையாது. கேஸ் சிலிண்டர் மாற்றுவது, வங்கியில் கணக்குத் திறப்பது, அறை வாடகைக்குக் கேட்கப் போனால் எப்படிப் பேசுவது என்று, பட்டுத் தெளிந்ததைத்தான் சொல்லிக்கொடுப்போம்.

சென்ற வருடம் வந்த ஒரு பிள்ளை முதல் நாளே எனக்கு எரிச்சலூட்டினாள். எல்லோரும் கதிரைகளில் உட்கார்ந்து கதைத்துக்கொண்டிருக்க, இவள் மட்டும் தன் கதிரைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

“கதிரை கடிக்காது, இருமன்” என்றேன்.

“ஓம் அக்கா, நன்றி” என்று சொல்லிவிட்டு இருந்தாள். கதிரைக்கும் ஒரு நன்றி.

எரிச்சல் அவள்மீது அல்ல என்பது எனக்குத் தெரியும். எங்கள் பக்கத்தில் வீட்டில் ஒருவருக்குத் திவசம் என்றாலும், வெளிநாட்டில் பேரப்பிள்ளைக்குப் பிறந்தநாள் என்றாலும், இல்லத்துப் பிள்ளைகளுக்கு ஒரு நேரச் சாப்பாடு கொடுப்பார்கள். நல்ல பழக்கம்தான். நானும் அதைத் தின்றுதான் வளர்ந்தேன். ஆனால் நாங்கள் வரிசையாக நிற்க வேண்டும். தேவாரம் பாட வேண்டும். தந்தவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். அவர்கள் கனடாவுக்கு அனுப்பப் படம் எடுத்து முடித்து, “இருங்கோ பிள்ளையள்” என்று சொன்ன பிறகுதான் இருக்கலாம். அதற்குள் சோறு ஆறிவிடும். முன்பின் தெரியாத எத்தனை பேருடைய ஆத்மா சாந்திக்காக நான் பாடியிருப்பேன். யார் எதை நீட்டினாலும் வாங்க வேண்டும், வேண்டாம் என்று முகம் சுளிக்கக் கூடாது. இப்படி வளர்ந்தவளுக்கு, வேலைக்குப் போன இடத்தில் முதலாளி எதைக் கேட்டாலும் வாயில் ஓம்தான் வரும்.

அதற்காகத்தான் முடியாது என்று மறுக்க, ‘ஏலாது’ சொல்ல, ஒரு பாடம் வைத்திருக்கிறோம். கண்ணைப் பார்த்துச் சொல்ல வேண்டும். சிரிக்கக் கூடாது. காரணம் சொல்லக் கூடாது, சொன்னால் அந்தக் காரணத்தையே பிடித்துத் தொங்குவார்கள். இந்தப் பாடத்தில் அவளைப்போல் மக்கு ஒருத்தியை நான் கண்டதில்லை. தலை ஆடும், சிரிப்பு வரும், கடைசியில் “ஓம் அக்கா” என்பாள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள், அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

அந்த நேரத்தில்தான் நெடுந்தீவிலிருந்து அவளுடைய பெரியம்மா வந்தார். அம்மா செத்து இவளை இல்லத்தில் விட்ட நாளிலிருந்து எட்டிப் பார்க்காத பெரியம்மா. பதினெட்டு வயது நெருங்கும்போது கையில் ஒரு பை பனங்கிழங்கோடு வந்து, எங்கடை பிள்ளையை இனி நாங்கள் பாப்பம் என்றார். வீட்டில் அவருடைய மாமியார் படுத்த படுக்கை என்பதும் பேச்சோடு பேச்சாக வந்தது.

எனக்கும் இப்படி ஒரு மாமி வந்தார். புங்குடுதீவில் வேலைக்கு ஆளில்லாத ஒரு பெரிய வீட்டைக் கூட்டிப் பெருக்கவும், அவர் பிள்ளைகளுடைய உடுப்புத் தோய்க்கவும் ஓர் உறவு தேவைப்பட்டது. உறவு என்பதால் சம்பளம் இல்லை. அந்த வீட்டை விட்டு நான் வெளியே வந்த கதையை வகுப்பிலும் சொல்வதில்லை.

அவளுக்கு அது நடக்கக் கூடாது என்று எனக்குள் ஒரு வெறி பிடித்தது. ஊர்காவற்றுறையிலேயே ஒரு தையல் கடையில் வேலை பேசினேன். எங்களில் ஒருத்தியோடு தங்க அறையும் ஒழுங்கு செய்தேன். பிறகு வகுப்பில் நான் பெரியம்மாவாகக் கதிரையில் இருந்து, “வா பிள்ளை, வீட்டை போவம்” என்று கூப்பிடுவேன். அவள் முன்னால் நின்று மறுக்க வேண்டும். பல சனிக்கிழமைகள் போயின. ஒருநாள் மெல்லிய குரலில் “ஏலாது” என்றாள். எல்லோரும் கைதட்டினார்கள். இனிப் பயமில்லை என்று நினைத்தேன்.

பிறந்தநாள் முடிந்த கையோடு, பெரியம்மாவோடு புறப்பட்டுவிட்டாள் என்று இல்லத்திலிருந்து தகவல் வந்தது. அவளுக்கு வைத்திருந்த அறைச் சாவியை எடுத்துக்கொண்டு குறிகட்டுவானுக்கு ஓடினேன். நெடுந்தீவுப் படகு இன்னும் புறப்படவில்லை. இருவரும் இறங்குதுறையில் நின்றார்கள்.

“பிள்ளை விரும்பித்தான் வாறா தங்கச்சி. வேணுமெண்டா கேட்டுப் பாரும்” என்றார் பெரியம்மா.

அவளைத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போனேன். “அவ கிழவியைப் பாக்க ஆள் தேடித்தான் வந்தவ. விளங்குதோ உமக்கு?”

“தெரியும் அக்கா.”

“தெரிஞ்சுகொண்டோ போறீர்?”

அவள் விரலால் மூக்கைத் தடவினாள். பிறகு, “எனக்கு அம்மான்ரை மூக்காம். என்னைக் கண்ட உடனை அவ சொன்னவ” என்றாள்.

 என்னைக் கூட்டிப்போன மாமி அப்படி ஒன்றும் சொன்னதில்லை; என் மூக்கு யாருடையது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவள்மேல் பொறாமையாகக்கூட இருந்தது. அந்தப் பொறாமையில் என் குரல் உயர்ந்தது.

“அறை இருக்கு, வேலை இருக்கு. இந்தாரும் திறப்பு. இப்ப என்னோட வாரும்.”

அவள் நிமிர்ந்து என் கண்ணைப் பார்த்தாள்.

“ஏலாது அக்கா.”

சிரிக்கவில்லை. காரணமும் சொல்லவில்லை. வகுப்பில் ஒருநாளும் இவ்வளவு சரியாகச் சொன்னதில்லை. எனக்கு அழுகை வந்தது, பெருமையும் வந்தது, அவளைப் பிடித்து இரண்டு அறை விடவும் தோன்றியது. அவள் பையைத் தூக்கிக்கொண்டு பெரியம்மாவுக்குப் பின்னால் படகில் ஏறினாள்.

அன்று சனம் குறைவு. படகில் அரைவாசி இருக்கைகள் வெறுமையாகக் கிடந்தன. பெரியம்மா ஓரமாக இருந்து சேலையைச் சரிசெய்துகொண்டு, பக்கத்தில் இருந்த பெண்ணோடு கதைக்கத் தொடங்கினார். படகு துறையை விட்டு விலகியது. அவள் பையை நெஞ்சோடு அணைத்தபடி, ஒரு வெறும் இருக்கைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவளை இருக்கும்படி யாரும் இன்னும் சொல்லவில்லை.