பத்தாவது ஆள்

பேரையூருக்கு மேற்கே, மலையடிவாரத்தில் பளியர் குடியிருப்பு ஒன்று இருக்கிறது. பதினெட்டு வீடுகள். அங்கே போக ஒரே வண்டிப்பாதை; அது ஒரு மாந்தோப்புக்குள் போகிறது. கொரோனா வந்ததும் தோப்பைக் குத்தகைக்கு எடுத்தவன் பாதையில் இரும்புக் கேட் போட்டுப் பூட்டினான். "மலைச்சனம் ஊருக்குள்ள சீக்கைக் கொண்டாந்துரும்" என்றானாம். சீக்கு மலையில் இல்லை. அவன் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்த கூட்டத்தில் இருந்தது. அந்தப் பந்தலில் எச்சில் இலை எடுக்கப் போன பளியர் ஒருவர்தான் முதலில் படுத்தார்.

நான் ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளன். ஆள் போதவில்லை என்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். ஆம்புலன்ஸோடு போனேன். கேட் பூட்டிக் கிடந்தது. தோப்புக்காரனுக்குப் போன் மேல் போன், எடுக்கவில்லை. சங்கிலியில் இருபத்திரண்டு கண்ணி. எண்ணிக்கொண்டு நின்றேன், வேறென்ன செய்ய? குடியிருப்பு ஆட்கள் அவரைப் போர்வையில் தூளி கட்டி, ஓடைக் கற்கள்மேல் சுற்றிச் சுமந்து வந்தார்கள். ஆம்புலன்ஸை எட்டியபோது அவருக்கு மூச்சில்லை. இந்தத் தோப்புக்காரனை விடக் கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்தேன். மூன்று இடத்தில் புகார் கொடுத்தேன். கேட் அப்படியே இருந்தது.

தடுப்பூசி வந்தபோது ஜீப்பையும் டிரைவரையும் கேட்டுக்கு வெளியே விட்டுவிட்டு, நர்ஸம்மாவும் நானும் ஐஸ் பெட்டியை அதே ஓடை வழியே தூக்கிப் போனோம். ஒரு குப்பியில் பத்துப் பேருக்கு மருந்து. பத்துப் பேர் சேராமல் திறக்கக் கூடாது, வீணாகிவிடும் என்று மேலிடத்து உத்தரவு. ஊசிக்குப் பயந்தவர்கள் காட்டுக்குள் போய்விட்டார்கள். வேப்பமரத்தடியில் ஒன்பது பேர். மறுபடி எண்ணினேன். ஒன்பதுதான்.

அப்போது புல்லட் சத்தம். தோப்புக்காரன், கேட்டைத் திறந்து மறுபடி பூட்டிவிட்டு வந்திருந்தான். பேரையூரில் ஊசி தீர்ந்துவிட்டதாம்.

"சார், எனக்கும் ஒண்ணு போட்டு விடுங்க. சுகர் இருக்கு."

"உனக்குக் கிடையாது" என்றேன். நாக்கு தித்தித்தது.

நர்ஸம்மா என் காதருகே, "இவரைச் சேத்தாத்தான் சார் பத்து" என்றார்.

செத்தவரின் மனைவி எழுந்தார். "போடட்டும் சார். மொதலாளி, கேட்டுச் சாவியக் குடுத்துட்டுக் கைய நீட்டுங்க."

"அதெப்படி, தோப்புல மாங்கா கெடக்கு..."

"திங்கணும்னா ஓடை வழியா வந்து அம்புட்டையும் தின்னுருக்க மாட்டமாக்கும்!" என்றார் ஒரு கிழவர். எல்லோரும் சிரித்தார்கள்.

குப்பியைப் பெட்டிக்குள் வைக்கச் சொன்னேன். அவன் கோபித்துக்கொண்டு போயிருந்தால் ஒன்பது பேருக்கும் ஊசி இல்லை. அதை யாரும் அவனிடம் சொல்லவில்லை. அரைஞாணிலிருந்து சாவியை அவிழ்த்தான். அந்த அம்மா அதை முந்தானையில் முடிந்துகொண்டு முதல் ஆளாகக் கை நீட்டினார். அவனைக் கடைசியில் நிறுத்தினேன்.

போட்டதும் புறப்பட்டான். "அரை மணி நேரம் உக்காரணும். மயக்கம் வருதான்னு பாக்கணும்" என்றேன். விதிதான். நாற்காலி கேட்டான். இருந்த ஒன்றில் ஐஸ் பெட்டி இருந்தது. யாருடைய மூச்சும் படக்கூடாது என்று கேட் போட்டவன், அவர்கள் நடுவே மண்ணில் உட்கார்ந்தான்.

அரை மணி முடிந்ததும் அந்த அம்மா கேட்டைத் திறக்கப் போனார். அவனும் எழுந்தான்.

"உன் வாட்ச் வேகமா ஓடுது. உக்காரு" என்றேன்.

உட்கார்ந்தான். ஒரு உயிருக்கு இது எந்தக் கணக்கிலும் ஈடில்லை, தெரியும். ஆனாலும் எங்கள் ஜீப் தோப்பைக் கடந்து குடியிருப்புக்குள் வந்து நிற்கும்வரை அவனை எழ விடவில்லை.