கைவசம் ஒரு டைம்-அவுட்

அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் நடக்கும் நாளில் வெண்டெல் கிராச்விலுக்கு இரண்டு வேலைகள். கோச்சின் பெல்ட்டைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு நிற்பது ஒன்று. எத்தனை டைம்-அவுட் மிச்சமிருக்கிறது என்று கேட்டால் சொல்வது இன்னொன்று.

முதல் வேலையைப் பார்த்து பெல்வாவில் யாரும் சிரிப்பதில்லை. பள்ளி அணியின் கோச் லைல் பிராண்ட் கோபம் வந்தால் எல்லைக்கோட்டைத் தாண்டி மைதானத்துக்குள் நடக்க ஆரம்பித்துவிடுவார். அவர் உள்ளே போனால் அணிக்கு அபராதம், சில கெஜம் பின்னால் போக வேண்டும். ஒரு வருஷம் இப்படியே அறுபது கெஜம் போனது. அதன் பிறகுதான் அவரைப் பிடித்து இழுக்க ஒரு ஆள் வேண்டும் என்று முடிவாயிற்று. கனமான ஆளாக இருக்க வேண்டும், கோச்சுக்குப் பயப்படாதவராகவும் இருக்க வேண்டும். நானூறு பேர் உள்ள ஊரில் இரண்டும் சேர்ந்து அமைந்தவர் வெண்டெல் ஒருவர்தான். இருவரும் முதல் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்ச்.

வெண்டெல் பெரிய ஆட்டக்காரர் இல்லை. பள்ளி நாட்களில் மூன்று வருஷம் அணியில் இருந்தார். மூன்று வருஷத்திலும் சேர்த்துப் பதினொரு முறை உள்ளே இறக்கினார்கள். இப்போது ஐம்பத்தெட்டு வயது. கேஸ் லாரி ஓட்டுகிறார். பெல்வாவிலும் பக்கத்து ஆர்லீயிலும் நூற்று நாற்பது பண்ணை வீடுகள் அவர் கணக்கில் வருகின்றன. வாசலில் நிற்கும் பெரிய வெள்ளைத் தொட்டியில் குழாயை மாட்டினால் நிரம்பப் பத்து நிமிஷம் ஆகும். அந்தப் பத்து நிமிஷமும் வீட்டுக்காரர்கள் லாரிப் பக்கத்தில் நின்று பேசுவார்கள். அவர் பேசுவதில்லை, கேட்டுக்கொள்வார். யாருக்கு முட்டி வலி, யார் பையன் யாரோடு சுற்றுகிறான் என்பதெல்லாம் இரண்டு ஊருக்கும் சேர்த்து அவருக்குத் தெரியும்.

இரண்டாவது வேலை தானாக வந்து சேர்ந்தது. ஸ்கோர் பலகையில் டைம்-அவுட்டைக் காட்டும் விளக்குகள் எரியாமல் போய் இரண்டு வருஷம் ஆகிறது. அந்த உயரத்துக்கு ஏணி தீயணைப்பு நிலையத்தில் மட்டும்தான் உண்டு. ஏணி எப்போதும் அடுத்த வாரம் வருவதாக இருந்தது. ஆகவே கோச் திரும்பிப் பார்க்காமலே, "எத்தன இருக்கு?" என்பார். பின்னாலிருந்து வெண்டெல் சொல்வார்.

பாதி ஆட்டத்துக்கு மூன்றுதான். அதைக் கடைசி இரண்டு நிமிஷத்துக்கு வைத்துக்கொள்ள வேண்டும் என்பது ஊரில் டிராக்டர் ஓட்டுகிறவனுக்கும் தெரியும். பந்து எதிராளி கையில் இருக்கும்போது கடிகாரத்தை நிறுத்த வேறு வழி கிடையாது. லைல் பிராண்டுக்கும் தெரியும். ஆனால் நடுவர் ஒரு தப்புத் தீர்ப்புச் சொன்னால் அவரால் பொறுக்க முடியாது. டைம்-அவுட் கேட்டு, அந்த ஒரு நிமிஷமும் நடுவரைத் திட்டுவார். மூன்றாவது கால் பகுதி முடிவதற்குள் மூன்றும் தீர்ந்திருக்கும். அப்படித் தோற்ற ஆட்டங்களை வெண்டெல் ஒரு ரசீதின் பின்பக்கம் எழுதிப் பார்த்தார். ஏழு வந்தது. கோச்சிடம் காட்டினார்.

"நீ பெல்ட்டப் பிடி," என்றார் கோச்.

நவம்பரில் ஆர்லீயோடு காலிறுதி. வெள்ளிக்கிழமை மத்தியானம், பெல்வாவிலேயே ஆட்டம். கடைகள் எல்லாம் மூடியிருந்தன. ஆர்லீயிடம் தொடர்ந்து ஏழு வருஷம் தோற்றாயிற்று. இந்த வருஷம் ஜெயித்தால் அரையிறுதி. வடக்கிலிருந்து காற்று வீசியது. பெண்கள் போர்வையைப் போர்த்திக்கொண்டு மிளகாய்க் குழம்பைக் காகிதக் கிண்ணத்தில் வைத்துக் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாவது கால் பகுதியில் பெல்வா பையன் கையிலிருந்து பந்து நழுவியதாக நடுவர் சொன்னார். அவன் கீழே விழுந்த பிறகுதான் நழுவியது, அது கணக்கில் வராது என்பது லைல் பிராண்டின் கட்சி. பெல்ட் இறுகியது. அதற்குள் இரண்டு டைம்-அவுட் போயிருந்தது.

"எத்தன இருக்கு வெண்டெல்?"

"ஒண்ணும் இல்ல."

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று வெண்டெலுக்கே உறைத்தது. ஐம்பத்தெட்டு வருஷத்தில் அவர் சொன்ன பொய்கள் பெரும்பாலும் சாப்பாட்டைப் பற்றியவை, மனைவி மார்டெல்லிடம் சொன்னவை. இது அப்படி இல்லை. கோச் தரையை உதைத்தார், நடுவரின் கண்ணாடியைப் பற்றி ஏதோ சொன்னார், அடங்கினார். ஒரு டைம்-அவுட் வெண்டெலிடம் தங்கியது. அதை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

கடைசியில் ஆட்டம் இப்படி வந்து நின்றது: பெல்வா முப்பத்தாறு, ஆர்லீ முப்பத்தைந்து. பந்து ஆர்லீயிடம். பெல்வாவின் கடைசிக் கோட்டுக்கு நாலு கெஜம்; அதைத் தாண்டினால் டச்-டவுன், ஆறு புள்ளி. அந்த நாலு கெஜத்தைக் கடக்க ஆர்லீக்கு நாலு வாய்ப்பு. கடிகாரத்தில் ஒரு நிமிஷம் முப்பத்தெட்டு விநாடி, ஓடிக்கொண்டிருந்தது.

மத்தியானம் முழுக்க ஆர்லீ பையன்கள் ஒவ்வொரு முறையும் நாலைந்து கெஜம் தள்ளிக்கொண்டே வந்திருந்தார்கள். இப்போதும் உள்ளே போவார்கள். ஆனால் அவசரப்பட மாட்டார்கள். ஒரு ஆள் பந்தோடு குனிந்து படுப்பான், நாற்பது விநாடி போகும். இன்னொருவன் படுப்பான், இன்னொரு நாற்பது போகும். கடைசி விநாடியில் உள்ளே தள்ளிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். பெல்வாவுக்குப் பந்தைத் தொடவே நேரம் இருக்காது.

"தடுங்கடா," என்று லைல் பிராண்ட் கத்தினார். "ஒரு சுவரு மாதிரி நில்லுங்கடா."

வெண்டெல் பெல்ட்டை இழுத்தார். கோட்டைத் தாண்டாதபோது அவர் இழுப்பதில்லை. கோச் திரும்பினார்.

"லைல், அவங்கள உள்ள விட்டுடணும்."

"யார?"

"அவங்களத்தான். இப்பவே போட விட்டுடணும். அப்பத்தான் நமக்கு நேரம் கிடைக்கும்."

"உனக்குக் குளிர் ஏறிடுச்சு."

"எப்படியும் போடத்தான் போறாங்க. இப்பப் போட்டா நமக்கு ஒரு நிமிஷத்துக்கு மேல இருக்கு. அப்புறம் போட்டா ஒண்ணுமே இல்ல."

லைல் பிராண்ட் கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு நிமிஷம் முப்பத்து மூன்று. அவருக்குக் கோபம்தான் சீக்கிரம் வருமே தவிர, கணக்கு தெரியாதவர் இல்லை.

"சரி, பசங்ககிட்ட எப்படிச் சொல்றது? இங்கேர்ந்து கத்தினா அந்த ஊருக்கே கேட்கும். டைம்-அவுட்டும் இல்ல."

"ஒண்ணு இருக்கு."

"என்ன இருக்கு?"

"ஒரு டைம்-அவுட் இருக்கு. நான் இல்லன்னு சொன்னேன். இருக்கு."

கோச் ஒரு விநாடி அவரையே பார்த்தார். பிறகு நடுவரைப் பார்த்துக் கையைக் குறுக்கே வைத்தார். விசில் ஒலித்தது. ஒரு நிமிஷம் முப்பத்தொன்றில் கடிகாரம் நின்றது.

கிடைத்த அறுபது விநாடியில் முதல் பதினைந்து வெண்டெலைத் திட்டுவதில் போனது.

"என்கிட்டயே பொய் சொல்றியா. அம்பது வருஷமா உன்கூடப் பழகுறேன்."

"அப்புறம் திட்டு லைல். பசங்க நிக்கிறாங்க."

சின்ன ஊர் அணிக்கு எட்டே பேர்தான்; அந்த எட்டுப் பையன்களும் சுற்றி நின்றார்கள், மூக்கில் சளியும் முழங்கையில் ரத்தமுமாக. கோச் சொன்னார்: "அவனுங்கள உள்ள விடுங்க." ஓவன் வாவ்ரா, பந்தை எறிகிறவனும் அவன்தான், தடுப்பில் நடுவில் நிற்கிறவனும் அவன்தான், ஹெல்மெட்டைக் கழற்றினான்.

"சும்மா நிக்கணுமா கோச்?"

"சும்மா நின்னா கண்டுபிடிச்சிடுவாங்க. தள்ளுற மாதிரி தள்ளி, விழுந்துடுங்க."

"நடிக்கணுமா?"

"பள்ளிக்கூட நாடகத்துல நீ மரமா நின்னியே, அதவிடக் கொஞ்சம் நல்லா."

பையன்கள் சிரித்துக்கொண்டே திரும்பினார்கள். எதிர்ப்பக்கம் ஆர்லீ கோச்சும் தன் பையன்களிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். உள்ளங்கையைக் கீழ்நோக்கி அமுக்கி அமுக்கிக் காட்டினார். உட்காரு, உள்ளே போகாதே. அவரும் கணக்குத் தெரிந்தவர்தான்.

"போச்சு," என்றார் லைல் பிராண்ட். "அவனுக்குப் புரிஞ்சிடுச்சு. பந்து வாங்குறவன் உட்கார்ந்துடுவான்."

வெண்டெல் பார்த்துக்கொண்டிருந்தார். ஆர்லீயின் வழக்கமான ஓட்டக்காரனுக்கு கொஞ்ச நேரத்துக்கு முன் கால் பிடித்துக்கொண்டு, அவனை இரண்டு பேர் தாங்கி வெளியே கொண்டுபோயிருந்தார்கள். அவனுக்குப் பதிலாக இருபத்து நாலாம் எண் சட்டை உள்ளே வந்துகொண்டிருந்தது.

"அது ரோரி ஸ்லாமா," என்றார்.

"அதனால?"

"அவன் உட்கார மாட்டான்."

ஸ்லாமா பண்ணைக்கு மூன்று வாரம் முன்புதான் போயிருந்தார். தொட்டி நிரம்பும்வரை ரோரியின் அம்மா பக்கத்தில் நின்று பேசினாள். மூணு வருஷமா டீம்ல இருக்கான், ஒரு டச்-டவுன் போட்டதில்ல, கன்னுக்குட்டிக் கொட்டாய்ல வைக்கோல் கட்டுங்களுக்கு நடுவுல ஓடி ஓடிப் பழகுறான், பாவமா இருக்கு என்றாள். அவன் அப்பா ஒவ்வொரு ஆட்டத்துக்கும் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், படம் பிடிக்க ஒன்றும் கிடைப்பதில்லை என்றும் சொன்னாள். வெண்டெல் இதையெல்லாம் கோச்சிடம் சொல்லவில்லை, சொல்ல நேரமும் இல்லை. இது தப்பாகப் போனால் என்ன ஆகும் என்று மட்டும் ஒருமுறை நினைத்துப் பார்த்தார். நூற்று நாற்பது வீடு. ஒவ்வொரு வீட்டிலும் பத்து நிமிஷம். குளிருக்குக் கேஸ் தேவைப்படும் ஏப்ரல் வரைக்கும்.

பந்து ரோரியின் வயிற்றில் வந்து விழுந்தது. ஓவன் வாவ்ரா யாரும் தொடாமலே மல்லாந்து விழுந்தான். இன்னொருவன் தன் ஆள் மேலேயே மோதிச் சாய்ந்தான். நடுவில் ஒரு மாட்டு வண்டி போகிற அளவுக்கு வழி திறந்தது. ரோரி ஸ்லாமா ஓடினான். கோட்டுக்கு ஒரு கெஜத்தில் நின்றான். ஆர்லீ பெஞ்ச் முழுக்க எழுந்து, "உட்காருடா, உட்காரு" என்று கத்தியது. அவன் பெஞ்சைப் பார்த்தான். பிறகு கூட்டத்தில் ஏதோ ஓரிடத்தைப் பார்த்தான். ஓடக்கூட இல்லை. வீட்டுக்குள் நுழைகிற மாதிரி நடந்து உள்ளே போனான்.

ஆர்லீ கோச் தண்ணீர்ப் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார். பெல்வா கூட்டத்தில் கொஞ்ச நேரம் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. "என்னடா பண்றீங்க" என்று மேல் வரிசையிலிருந்து ஊர்ப் பல் டாக்டர் கத்தினார்.

நாற்பத்தொன்றுக்கு முப்பத்தாறு. கூடுதல் இரண்டு புள்ளிக்கு ஆர்லீ மறுபடி உள்ளே நுழையப் பார்த்தது. நடித்து விழுந்த வெட்கத்தை எல்லாம் பெல்வா பையன்கள் அங்கே தீர்த்துக்கொண்டார்கள். ஆறு பேர் சேர்ந்து ஒருவனைத் தூக்கிப் பின்னால் வைத்தார்கள்.

ஆர்லீ பந்தை உதைத்து அனுப்பியது. பெல்வா கையில் அது வந்தபோது ஒரு நிமிஷம் பதினெட்டு விநாடி. போக வேண்டியது ஐம்பத்தெட்டு கெஜம்.

"இப்ப எத்தன இருக்கு?" என்றார் கோச்.

"ஒண்ணும் இல்ல."

"நிஜமாவா?"

"நிஜமாத்தான்."

"மார்டெல் மேல ஆணையா?"

"மார்டெல் மேல ஆணையா."

டைம்-அவுட் இல்லையென்றால் கடிகாரத்தை நிறுத்த ஒரு சுலபமான வழி, பந்தோடு பக்கவாட்டுக் கோட்டைத் தாண்டி வெளியே போவது. ஓவன் வாவ்ரா ஓரமாகவே எறிந்தான். வாங்கினவன் ஒன்பது கெஜம் போய் வெளியே விழுந்தான், மிளகாய்க் குழம்பு விற்கிற மேஜைக்குப் பக்கத்தில். அடுத்தவன் பதினான்கு. ஒருவனை உள்ளேயே பிடித்துவிட்டார்கள். கடிகாரம் ஓடியது, எல்லோரும் ஓடிவந்து வரிசையில் நின்று, பந்தைத் தரையில் அடித்துக் கடிகாரத்தை நிறுத்தினார்கள். இத்தனை நேரமும் லைல் பிராண்ட் எல்லைக்கோட்டோடு கூடவே ஓடினார். வெண்டெல் பெல்ட்டைப் பிடித்தபடி அவர் பின்னால் ஓடினார். இருவருக்கும் சேர்த்து நூற்றுப் பதினாறு வயது. கூட்டத்தில் பாதிப் பேர் ஆட்டத்தைப் பார்த்தார்கள், மீதிப் பேர் இதைப் பார்த்தார்கள்.

ஒன்பது விநாடி இருக்கும்போது ஓவன் வாவ்ரா யாருக்கும் எறியாமல் தானே ஓடி, மூலையில் இருந்த கம்பத்தைச் சாய்த்துக்கொண்டு உள்ளே விழுந்தான். நாற்பத்திரண்டுக்கு நாற்பத்தொன்று. ஊர் எழுந்து நின்றது. லைல் பிராண்ட் குதிக்கவில்லை. கடிகாரத்தைக் காட்டினார்.

"ஒன்பது விநாடி மிச்சம் வெச்சிட்டான். அதுல அவங்க போட்டுட்டா?"

"ஏன் லைல், அதையும் உள்ள விட்டுப் பார்ப்போமா?"

"வாய மூடு."

ஒன்பது விநாடியில் ஆர்லீயால் பாதி மைதானம்தான் வர முடிந்தது.

ஜெயித்த சந்தோஷத்தில் பையன்கள் கோச்சின் தலையில் ஐஸ் தண்ணீரைக் கொட்டினார்கள். குளிரில் அவருக்கு உதடு நீலமாயிற்று. வெண்டெல் பெஞ்சில் உட்கார்ந்தார். கோச் நனைந்தபடி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இதுக்கு முன்னாடி எத்தன தடவ இப்படிச் சொல்லியிருக்க?"

"இதுதான் முதல் தடவ."

"அதையும் நம்பணுமா?"

வெண்டெல் யோசித்தார். நம்பச் சொல்வதற்குத் தன்னிடம் ஒன்றும் மிச்சமில்லை என்று பட்டது.

திங்கட்கிழமையிலிருந்து வாசல்தோறும் அவருக்கு ஏதாவது கிடைத்தது. வாவ்ரா வீட்டில் பாப்பி விதை வைத்த கொலாச்சி ரொட்டி ஒரு டஜன். பல் டாக்டர், தான் அன்றைக்கு உற்சாகப்படுத்தத்தான் கத்தியதாகச் சொன்னார். செவ்வாய்க்கிழமை ஆர்லீ பக்கம் போக வேண்டியிருந்தது. ஸ்லாமா பண்ணையில் லாரியை நிறுத்தியபோது ரோரியே வெளியே வந்தான்.

"சார், ஒண்ணு கேட்கலாமா?"

"கேளு."

"நான் உள்ள போவேன்னு உங்களுக்குத் தெரியும்னு எங்க அம்மா சொல்றாங்க."

வெண்டெல் குழாயை மாட்டிவிட்டு மீட்டரைப் பார்த்தார். "உங்க அம்மா வேற என்ன சொன்னாங்க?"

"இனிமே கேஸ் லாரிகிட்ட நின்னு பேசமாட்டாங்களாம்."

"உங்க கோச்?"

"அவரு இன்னும் பேசல. அப்பா மட்டும் வீடியோவ எல்லாருக்கும் அனுப்பிட்டாரு. தோத்துப்போனத வெட்டிட்டாரு." பையன் கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டான். "போனதுக்கு எனக்கு ஒண்ணும் வருத்தம் இல்ல சார்," என்றான்.

"தெரியுது," என்றார் வெண்டெல்.

அடுத்த வெள்ளிக்கிழமை அரையிறுதி, நூற்றுப் பத்து மைல் தள்ளி வேறொரு ஊரில். பெல்வா மொத்தமாகக் கிளம்பிப் போனது. அந்த ஊர்ப் பையன்கள் ஆளுக்கு ஆறரை அடி இருந்தார்கள். நாலாவது கால் பகுதியில் பெல்வா இருபத்தெட்டுப் புள்ளி பின்னால் இருந்தது. நடுவர் ஏதோ சொன்னார். பெல்ட் இறுகியது.

"எத்தன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல."

லைல் பிராண்ட் திரும்பி அவரைப் பார்த்துக் கண் சிமிட்டினார். பிறகு முன்னால் போய்க் கையைக் குறுக்கே வைத்து டைம்-அவுட் கேட்டார். நடுவர் இல்லை என்று தலையை ஆட்டினார். மூன்று விரலைக் காட்டி, மூன்றும் முடிந்தது என்றார். கோச் ஒரு அடி பின்னால் வந்தார்.

"யோவ், இல்லையாமே."

"நான்தான் சொன்னேனே லைல்."

"போன வாரமும் இதத்தான சொன்ன?"

வெண்டெல் பெல்ட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தார். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நிறுத்த முடியவில்லை. கடிகாரம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.