பால்கனி அறையும் பச்சைச் சேலையும்: கொச்சியிலிருந்து ஒரு கப்பல் பயணம்

இந்தப் பயணத்துக்குப் போயிருக்க வேண்டியவர் என் அப்பா. மீனாட்சிபுரத்தில் எங்களுக்கு மாட்டுத் தீவனக் கடை இருக்கிறது. தீவனக் கம்பெனிக்காரர்கள் வருடத்துக்கு ஒருமுறை, அதிகம் விற்ற கடைக்காரர்களைக் குடும்பத்தோடு எங்காவது கூட்டிப்போவார்கள். கடையோடு இரண்டு கறவை மாடும் இருந்ததால் அப்பா எதற்கும் போனதில்லை. மாடு வைத்திருப்பவர்களுக்கு ஒரு ராத்திரி வெளியூரில் தங்குவது என்பது பெரிய விஷயம். ஆனால் போன வருடம் கப்பல் என்றார்கள், அதிலும் பால்கனி அறை என்றார்கள். அப்பா உடனே சரி சொல்லிவிட்டார். பொள்ளாச்சிக்குப் போய் அம்மாவுக்குப் பச்சை நிறத்தில் ஒரு பட்டுச் சேலையும் எடுத்துவந்தார்.

"பால்கனியில நின்னு போட்டோ எடுக்கோணும். பின்னால கடலு, முன்னால இந்தச் சேலை. எப்பிடி எடுத்துக் காட்டும் பாரு" என்றார்.

அடுத்த மாதமே, கடை வாசலில் லாரியிலிருந்து மூட்டை இறக்கிக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பாலக்காட்டு ஆஸ்பத்திரி வரை கொண்டுபோக முடியவில்லை.

கம்பெனிக்காரர்கள் அந்த இடத்தை எங்களுக்காக நிறுத்திவைத்தார்கள். வருடம் திரும்பியதும், அம்மாவும் நானும் போவதற்குப் பெரியப்பா சம்மதித்தார். நான் பிளஸ் ஒன் படிக்கிறேன். பூஜை விடுமுறையில் கிளம்பினோம். போவதற்கு முன் தமிழில் யாராவது விவரமாக எழுதியிருக்கிறார்களா என்று தேடினேன். கிடைத்ததில் பாதி சாப்பாட்டைப் பற்றித்தான் இருந்தது. அதனால்தான் இந்தப் பதிவு.

கிளம்புவதற்கு முந்தைய நாள், அம்மாவுக்குத் தெரியாமல் பச்சைச் சேலையையும் அதன் ரவிக்கையையும் பெட்டியின் அடியில் வைத்தேன். எங்கள் பக்கம் முன்பெல்லாம் கணவர் போய்விட்டால் வெள்ளைச் சேலைதான். இப்போது அப்படி யாரும் சொல்வதில்லை. யாரும் சொல்லாமலே அம்மா சாம்பல், மங்கிய சந்தனம் என்று நாலைந்து சேலைக்குள் நின்றுவிட்டார். பூ இல்லை, பொட்டு இல்லை. கப்பலில் ஊர் இருக்காது, ஊர்க் கண்ணும் இருக்காது, அங்கே ஒருமுறையாவது அந்தச் சேலையை அம்மா கட்டிக்கொள்ள வேண்டும் என்று நினைத்தேன். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

என் கணக்கில் ஒரு தப்பு இருந்தது. கம்பெனி கூட்டிப்போவது எங்களை மட்டும் அல்ல. சித்தூர், கொல்லங்கோடு, கோபாலபுரம் என்று சுற்றுவட்டாரத் தீவனக் கடைக்காரர்கள் எல்லோரும் குடும்பத்தோடு வருகிறார்கள். வேனில் ஏறியதும்தான் எனக்கு அது உறைத்தது. ஊரை விட்டுப் போகவில்லை, ஊரைக் கூட்டிக்கொண்டு போகிறோம்.

வேன் காலை ஐந்து மணிக்கு மீனாட்சிபுரத்திலிருந்து கிளம்பியது. கொல்லங்கோடு, நெம்மாறை, வடக்கஞ்சேரி, பிறகு குதிரான் சுரங்கம், திருச்சூர், கொச்சி. ஏறக்குறைய நூற்றைம்பது கிலோமீட்டர். வடக்கஞ்சேரியில் சாப்பிட்டோம் (இரண்டு தோசையும் ஒரு காபியும் எண்பது ரூபாய்). வில்லிங்டன் தீவில் இருக்கும் துறைமுகத்துக்குப் பத்தரைக்குப் போய்ச் சேர்ந்தோம். உங்களுக்கும் கப்பலில் ஏறக் காலை நேரம் கொடுத்திருந்தால் முந்தைய நாளே கொச்சிக்குப் போய்விடுவது நல்லது. திருச்சூர் தாண்டியதும் வண்டிகள் நகரவே இல்லை.

துறைமுகத்தில் விமான நிலையம் மாதிரியே பெட்டிகளைக் கருவிக்குள் விட்டுப் பார்க்கிறார்கள். எங்களுக்கு முன்னால் கோபாலபுரத்துத் துரைசாமி மாமா நின்றார். அப்பாவின் கூட்டாளி. அவருடைய சாக்குப் பையில் ஐந்து இளநீரும் ஓர் அரிவாளும் இருந்தன.

"இதெந்தா சேட்டா?" என்று காவலர் மலையாளத்தில் கேட்டார்.

"இளநி வெட்டறதுக்குங்க சார்."

"கப்பலில் தெங்கு உண்டோ?" தென்னை மரத்தைக் கேட்கிறார்.

"காய் நம்மளே கொண்டாந்திருக்கறமுங்க சார். அங்கெல்லாம் வெலை சாஸ்தி."

"நான் அப்பவே சொன்னனுங்க" என்று அவர் மனைவி சரசு அத்தை தலையில் அடித்துக்கொண்டார். "புல்லறுக்கப் போற மாதர அரிவாளத் தூக்கிட்டு வந்திருக்கறாரு. கப்பல்காரன் கொள்ளைக்காரன்னு நெனச்சு சுடாம இருந்தாச் செரி."

வரிசை முழுக்கச் சிரித்தது. அம்மாவும் சிரித்தார். ரொம்ப நாள் கழித்து அந்தச் சத்தத்தைக் கேட்டேன். அரிவாள் அங்கேயே நின்றுவிட்டது. இளநீரை வேன் டிரைவர் சந்தோஷமாக எடுத்துப்போனார்.

உள்ளே கம்பெனியின் வரவேற்பு. ஆண்களுக்கு மாட்டுப் படம் போட்ட தொப்பி, பெண்களுக்கு ஒரு தட்டில் மல்லிகைச் சரமும் குங்குமமும். தட்டைப் பிடித்திருந்த பெண் கொச்சிக்காரி, எங்களைப் பற்றி ஒன்றும் தெரியாதவள். சிரித்துக்கொண்டே அம்மாவிடம் நீட்டினாள். அம்மா கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். பக்கத்தில் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

சரசு அத்தை குறுக்கே வந்து தட்டைத் தன் பக்கம் திருப்பினார். "இங்க குடும்மா. என்ற கொண்டைக்கு ஒரு சரம் பத்தாது, ரெண்டா வை." இரண்டு சரத்தையும் தானே வைத்துக்கொண்டார். அந்தப் பெண் குழம்பிப்போய், கடைக்காரர் கணக்கில் அம்மாவுக்கு ஒரு தொப்பியைக் கொடுத்தாள். கப்பல் ஏறும்வரை அம்மா அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே வந்தார்.

அறையைப் பற்றிச் சொல்கிறேன். எட்டாவது தளம். இரண்டு கட்டில், ஒரு மேஜை, பீரோவைவிடக் கொஞ்சம் பெரிய குளியலறை. கண்ணாடிக் கதவைத் தள்ளினால் பால்கனி. இரண்டு நாற்காலி போட்டால் நிறைந்துவிடும். இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்குப் பலகைத் தடுப்பு இருக்கிறது. எட்டிப் பார்த்தால்தான் அடுத்த அறையின் பால்கனி தெரியும். அடுத்த அறை சரசு அத்தையுடையது. கதவைத் திறந்து வைத்தால் ஏசி நின்றுவிடும். இதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. ரிப்பேர் என்று நினைத்து ஒரு மணி நேரம் வேர்த்துக்கொண்டிருந்தோம்.

பெட்டியைப் பிரித்தபோது அம்மா சேலையைப் பார்த்துவிட்டார். வெளியே எடுக்காமல், மேலே கை வைத்தபடியே நின்றார்.

"எதுக்கு கண்ணு இதை எடுத்தாந்தே?"

"கட்டிக்கம்மா. ஒருக்கா மட்டும்."

"சும்மா இரு" என்று மேலே துண்டைப் போட்டு மூடினார்.

மாலை ஐந்துக்குக் கப்பல் கிளம்பியது. அது நகர்வதே தெரியவில்லை. கரைதான் எங்களைவிட்டு விலகுவதுபோல் இருந்தது. கடலில் தூரத்தைக் கடல் மைலில் சொல்கிறார்கள். ஒரு கடல் மைல் என்பது ஏறக்குறைய 1.85 கிலோமீட்டர். இதை அம்மாவிடம் சொன்னேன். தலையாட்டினார், கேட்டதாகத் தெரியவில்லை.

மறுநாள் லட்சத்தீவில் ஒரு தீவுக்குப் போனோம். கப்பல் தூரத்திலேயே நின்றுவிடுகிறது, சிறு படகில் இறக்கிக் கூட்டிப்போகிறார்கள். சேலை கட்டியவர்கள் படகில் தாவி ஏறுவது கஷ்டம், கவனம். ஒவ்வொரு நாளும் அறைக்கு ஒரு நிகழ்ச்சித்தாள் வரும். இரவு விருந்துக்கு என்ன உடுத்த வேண்டும், நீச்சல் குளத்துக்கு என்ன உடுத்த வேண்டும் என்று எல்லாம் அதில் இருக்கும். தீவுக்காரர்கள் குடியிருக்கும் பக்கம் உடம்பை மூடி உடுத்தச் சொல்லியிருந்தது. பயணிகளுக்கென்று ஒதுக்கிய கடற்கரைக்கு மட்டும், உடை உங்கள் விருப்பம் என்று போட்டிருந்தது. அந்த வரியைப் படகிலேயே அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன்.

"அது அவங்களுக்கு எழுதுனது சாமி" என்றார்.

தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. முழங்கால் ஆழத்தில் நின்றால் கால் விரல் தெரிகிறது. டவுசர் போட்டவர்கள், நீச்சல் உடை போட்டவர்கள், சேலையோடு இறங்கியவர்கள் என்று எல்லோரும் இருந்தார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. இடுக்கிப் பக்கம் வண்டன்மேட்டிலிருந்து வந்திருந்த, கப்பலில் பழக்கமான பாக்கியம் அக்கா தன் மகளுடைய ட்ராக் பேண்ட்டையும் பனியனையும் போட்டுக்கொண்டு தண்ணீரில் உட்கார்ந்திருந்தார்.

"வாங்க மதினி, இங்க யாரு நம்மளப் பாக்கா? இதையே எங்க ஊருல போட்டா ஏலக்காய் எடுக்க வார பிள்ளைக ஒரு வாரம் சிரிக்கும்" என்று அம்மாவைக் கூப்பிட்டார்.

அம்மா சாம்பல் சேலையைக் கணுக்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு, அலை தொடுகிற இடத்தில் நின்றார். நான் மறுபடி ஆரம்பித்தேன். பாக்கியம் அக்காவே அப்படி உட்கார்ந்திருக்கிறார், உனக்கு என்னம்மா என்று கேட்டேன்.

"அவங்களுக்கு அது வெளாட்டு கண்ணு. கரைக்கு வந்தா மாத்திக்குவாங்க. பக்கத்துல அவரு நிக்கறாரு."

"உன்னையும் யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்கம்மா."

"சொல்ல மாட்டாங்க. சொன்னாக்கூடத் தேவலை, திருப்பி ஏதாவது சொல்லலாம். பாப்பாங்க. பாக்கறதுக்கு என்னன்னு பதில் சொல்றது?"

அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

அன்று மாலை கப்பலின் அரங்கில் கம்பெனி விழா. ஒவ்வொரு கடைக்காரராகக் கூப்பிட்டுக் கேடயம் கொடுத்தார்கள். தம்பதியாக மேடையேறியவர்களுக்கு விசில் பறந்தது. அப்பாவின் பெயரைச் சொன்னதும் அம்மா தனியாக ஏறினார். எல்லோரும் கைதட்டினார்கள், ஆனால் ஆஸ்பத்திரியில் பேசுகிற மாதிரி மெதுவாக. அம்மா கேடயத்தை வாங்கிக்கொண்டு, படம் எடுப்பவர் நிமிரச் சொன்னபோதும் நிமிராமல் இறங்கி வந்தார்.

மூன்றாம் நாள் காலை, வெக்கை தாங்காமல்தான் விழித்தேன். ஏசி நின்றிருந்தது. பால்கனிக் கதவு திறந்திருந்தது. வெளியே அம்மா கம்பியைப் பிடித்தபடி நின்றிருந்தார், அந்தப் பச்சைச் சேலையில்.

விடிந்துகொண்டிருந்தது. கடல் இன்னும் நீலமாகவில்லை. மீன்பிடிப் படகு ஒன்று தூரத்தில் விளக்கை அணைக்காமல் போய்க்கொண்டிருந்தது. அம்மா தலையில் பூ இல்லை, நெற்றியிலும் ஒன்றும் இல்லை. சேலை மட்டும்தான். முந்தானை காற்றில் எழும்பி எழும்பி அடித்தது. அதை அவர் அடக்கவில்லை. நான் எழுந்து போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"உங்கப்பன் சொன்னது நெசந்தான். எடுத்துத்தான் காட்டுது" என்றார். கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை.

போனை எடுத்தேன். கையை நீட்டித் தடுத்தார். "வேண்டாம் கண்ணு. போட்டோன்னா அது இருந்துட்டே இருக்கும்."

அப்போது தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து சரசு அத்தையின் தலை எட்டிப் பார்த்தது. "ஏனுங்க ஜோதியக்கா, கரை தெரியுதுங்களா..." என்று ஆரம்பித்தவர் அப்படியே நிறுத்தினார்.

அம்மா அசையவில்லை. நான்தான் அவருக்கு முன்னால் போய் நின்றேன், மறைத்துவிடலாம் என்பதுபோல.

"அண்ணன் எடுத்ததுங்களா?" என்று சரசு அத்தை கேட்டார்.

"ஆமாங்க."

"நல்லாருக்குதுங்கக்கா." அத்தை பின்னால் தன் அறையைத் திரும்பிப் பார்த்தார். "அவரு இன்னும் எந்திரிக்கல. நான் ஒண்ணும் பாக்கலீங்க."

தலை மறைந்தது. அவர்கள் பக்கத்துக் கண்ணாடிக் கதவு மெதுவாக மூடும் சத்தம் கேட்டது.

அம்மா இன்னும் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு உள்ளே போனார். வெளியே வரும்போது சாம்பல் சேலையில் இருந்தார். பட்டுச் சேலையின் ஒரு முனையை என்னிடம் கொடுத்தார். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து மடித்தோம். கப்பல் கொச்சிக்குள் நுழைந்துகொண்டிருந்தது. அதைப் பார்க்க மேல் தளத்துக்கு எல்லோரும் ஓடும் சத்தம் கேட்டது. நாங்கள் போகவில்லை.

காலைச் சாப்பாட்டில் சரசு அத்தை அம்மாவின் தட்டில் இட்லி எடுத்து வைத்தார், மழையைப் பற்றிப் பேசினார். அந்தச் சேலையைப் பற்றி அன்றும் பேசவில்லை, இன்றுவரை யாரிடமும் பேசவில்லை. இரண்டு முறை அவர் எங்களைக் காப்பாற்றியிருக்கிறார். அதற்கு அவரிடம் எனக்கு நன்றி இருக்கிறது. ஆனால் ஒருவர் காப்பாற்ற வேண்டிய அளவுக்கு அம்மா என்ன செய்துவிட்டார் என்று யோசித்தால், யார் மேல் என்று தெரியாமல் ஒரு கோபம் வருகிறது. வேனில் திரும்பி வரும்போது குதிரான் சுரங்கத்தின் இருட்டில் கொஞ்சம் அழுதேன்.

போகத் திட்டமிடுபவர்களுக்குச் சில விஷயங்கள். அடையாள அட்டை அசலாகவே வேண்டும். தீவுக்கு அனுமதிச் சீட்டு தேவை, கம்பெனி மூலமாகப் போகாதவர்கள் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். வாந்தி மாத்திரையைக் கப்பல் கிளம்புவதற்கு முன்பே போட்டுவிட வேண்டும். பணம் கட்ட வேண்டிய கடையில் ஒரு காபி இருநூறு ரூபாய், சாப்பாட்டுக் கூடத்தில் இலவசம். அரிவாள் வேண்டாம்.

பால்கனி அறைக்கு அவ்வளவு பணம் கொடுக்க வேண்டுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். நான் விசாரித்தபோது, ஜன்னல் இல்லாத உள்ளறையைவிட ஒருவருக்குப் பதினைந்தாயிரம் ரூபாய் கூடுதல் என்றார்கள். அறையில் தூங்கத்தானே போகிறோம், உள்ளறையே போதும் என்று ஒருவர் எழுதியிருந்ததை நானும் படித்தேன். உங்களுக்கு அது சரியாக இருக்கலாம். எங்களுக்கு அந்தக் கப்பலில் கிடைத்த இடம் அந்த இரண்டு நாற்காலி அகலம்தான். உங்களோடு வருபவர் என் அம்மா மாதிரி ஒருவர் என்றால், பால்கனி எடுங்கள். முடிந்தால் பக்கத்து அறை தெரியாதவர்களுடையதாக இருக்கும்படி கேட்டு வாங்குங்கள்.

இதை எழுதலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். வாளியைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார்.

"எழுதிக்க. பேரெல்லாம் மாத்திப் போடு" என்றார். நான் நகர்ந்தபோது திரும்பக் கூப்பிட்டார். "கண்ணு, சேலை நெறத்தையும் மாத்திரு."

மாற்றிவிட்டேன். அது பச்சை இல்லை.