படம் எடுக்கும் வரிசையில் ஒரு தேர்தல்

அரியரத்தினம் மாமா யாழ்ப்பாணத்தில் வழக்குப் பேசிய சட்டத்தரணி. நாங்கள் குடியேறிய ஜேர்மன் நகரமான கெல்சென்கிர்ச்சனில் அந்தப் படிப்பை யாரும் ஏற்கவில்லை. பாண் என்கிற ரொட்டி சுடும் தொழிற்சாலையில் மா குழைக்கும் இயந்திரத்தோடு அவருடைய காலம் போயிற்று. எங்கள் ஆட்களுக்கு அரச அலுவலகத்தில் பிரச்சினை என்றால் கூடப் போய் வாதாடுவார். அங்கே அவரை மொழிபெயர்க்க வந்தவர் என்றே நினைப்பார்கள்.

பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்து வழக்கறிஞர்கள் பாராளுமன்றத்துக்குப் போய் அரசனையே கேள்வி கேட்டதை ஆசையோடு சொல்வார். 2004இல் நகரின் வெளிநாட்டவர் சபைக்குத் தேர்தல் வந்தபோது தானும் நின்றார். வென்றால் சபையில் எழுந்து எங்களுக்காகப் பேசலாம். அவருக்கு வேண்டியது அதுதான்.

தேர்தல் ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கே பக்கத்துத் தெரு ஜெயமலர் மாமியின் மகள் பெரியபிள்ளையானதற்குச் சாமத்தியச் சடங்கு. மத்தியானம் கழிந்தும் வாக்குச்சாவடியில் ஒரு தமிழ் முகத்தையும் காணாமல் மாமா சடங்கு மண்டபத்துக்கு வந்தார்.

சாப்பாடு முடிந்திருந்தது. ஆனால் மேடையேறிப் பிள்ளையோடு படம் எடுக்காமல் யாரும் போவதில்லை. அந்த வரிசை பாதிகூட நகரவில்லை. எங்கள் குடும்பமும் அதில்தான் நின்றது; எனக்கு வாக்களிக்கும் வயதில்லை. ஆறு மணிக்குச் சாவடியைப் பூட்டிவிடுவார்கள் என்று மாமா ஒவ்வொருவரிடமும் சொன்னார்.

"படம் எடுத்த உடன வாறம் அண்ணை," என்றார் அவருடன் வேலை செய்யும் அன்ரன். "வீடியோவில நிக்காட்டி, நாங்கள் வரேல்லை எண்டெல்லோ கதைப்பினம்."

"நீர் சாவடிக்கு வராட்டியும் அது தெரியவரும், அன்ரன்."

எல்லோரும் சிரித்தார்கள். நீங்கள் எப்படியும் வெல்லுவீர்கள் என்றார்கள். மற்றவர்கள் காலையிலேயே வாக்குப் போட்டிருப்பார்கள் என்று ஒவ்வொருவரும் நினைத்திருந்தார்கள்.

அதற்குள் ஜெயமலர் மாமி அவரை மேடைக்கு இழுத்துப்போய், வாழ்த்திப் பேசச் சொல்லி ஒலிவாங்கியைக் கொடுத்தார். மாமா பிள்ளையை வாழ்த்தினார். பிறகு வரிசையில் நின்றவர்களைப் பார்த்தார்.

"இப்ப வரிசையை விட்டிட்டு என்னோட வாங்கோ. வாக்குப் போட்டிட்டு வந்து படம் எடுக்கலாம்."

மாமியின் முகம் கறுத்தது. நாலு பேர் மட்டும் அவரோடு வெளியே போனார்கள். என் அப்பா போகவில்லை.

சொற்ப வாக்குகளில் மாமா தோற்றார். வரிசையில் நின்றவர்களில் பாதிப் பேர் போயிருந்தாலே வென்றிருப்பார்.

அடுத்த நாள் மாமி பலகாரத்தோடு அவர் வீட்டுக்குப் போய், நல்ல காரியத்தில் நீங்கள் அப்படிச் செய்திருக்கக் கூடாது என்றாராம். மாமா பலகாரத்தை வாங்கிக்கொண்டு மன்னிப்புக் கேட்டாராம். எனக்கு ஆறாமல் இருப்பது அந்த மன்னிப்புத்தான்.